லைட்டிங் கன்சோல் வாங்கும் முன்: இரண்டு டெஸ்க்குகளோடு பல வருட அனுபவம்

மேடை விளக்குகளை இயக்கும் லைட்டிங் கன்சோல் (டெஸ்க் என்றும் சொல்வார்கள்) எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: உங்கள் ஷோ எப்போதும் ஒரே மேடையில் ஒரே விளக்குகளோடு நடக்கிறதா, இல்லை போகிற இடத்தில் என்ன மாட்டியிருக்கிறார்களோ அதை வைத்துச் சமாளிக்க வேண்டுமா? விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்களை எல்லாம் விட, இதற்கான பதில்தான் எந்த டெஸ்க் என்பதை முடிவு செய்யும்.

நான் இரண்டு வகை வேலையும் செய்கிறேன். நாடகமும் நாட்டிய நாடகமும் ஒரு பக்கம். அங்கே ஒத்திகை உண்டு, க்யூ (ஒரு தருணத்துக்கான ஒளியமைப்பின் பதிவு) வரிசை உண்டு, இயக்குநர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இன்னொரு பக்கம் இசைக்குழுக்களின் மேடை. மேடையேறிய பிறகும் பாட்டு வரிசை மாறும் உலகம் அது. நாடகத்துக்கு ஈடிசியின் ஈயாஸ் குடும்பத்து டெஸ்க், இசை மேடைக்குப் பெரும்பாலும் கேம்சிஸ் மேஜிக்க்யூ என்று பல வருடமாக ஓட்டி வருகிறேன். வாடகை டெஸ்க் வரும் இடங்களில் கிராண்ட்எம்ஏ2, அவோலைட்ஸ் டைட்டன் இரண்டிலும் வேலை செய்திருக்கிறேன். நான்குமே முழு ஷோவைத் தாங்கக்கூடியவை. அதனால் எது உயர்ந்தது என்ற பேச்சுக்குள் போகாமல், வாங்கும் முன் எதை எல்லாம் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பேலட், அதாவது பெயர் வைத்துச் சேமித்த இடமோ நிறமோ. கன்சோலுக்குக் கன்சோல் பெயர் மாறும், சிலவற்றில் ப்ரீசெட் என்பார்கள். ஒரு மூவிங் ஹெட்டை (மோட்டாரால் திரும்பும் விளக்கை) பாடகர் நிற்கும் இடத்துக்குத் திருப்பி, அந்தப் பான் (பக்கவாட்டுத் திருப்பம்), டில்ட் (மேல் கீழ்ச் சாய்வு) மதிப்பை நேராக க்யூவில் பதியாமல் ‘பாடகர் நடு’ என்று ஒரு பொசிஷன் பேலட்டாகப் பதிவீர்கள். க்யூ அந்த பேலட்டைத்தான் சுட்டும். அடுத்த ஊர் மேடையில் விளக்குகள் தொங்கும் ட்ரஸ் ஒரு மீட்டர் உயரமாக இருந்தாலும், அந்த ஒரு பேலட்டைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லா க்யூவும் சரியாகிவிடும். சுற்றுப்பயண ஷோவுக்கு நான் வைத்திருக்கும் பொசிஷன்கள் கொஞ்சம்தான்: பாடகர், ட்ரம்ஸ், இடது, வலது, பார்வையாளர், தரை, மேலே விசிறி மாதிரி விரிந்தது. சவுண்ட் செக் நடக்கும்போதே இவற்றைத் திருத்திவிட முடிகிறது. டெமோ பார்க்கப் போகிறவர்கள் இதை அவசியம் செய்து பாருங்கள். பேலட்டைத் திருத்த எத்தனை பொத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது, திருத்தியது எல்லா க்யூவிலும் உடனே தெரிகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்தது, விளக்கே மாறிப்போவது. நீங்கள் கேட்டது ஒரு மாடல், மேடையில் தொங்குவது வேறு மாடல். இது விதிவிலக்கு அல்ல, வாடிக்கை. கிராண்ட்எம்ஏவில் க்ளோன், மேஜிக்க்யூவில் மார்ஃப், டைட்டனில் ஃபிக்சர் எக்ஸ்சேஞ்ச் என்று ஒவ்வொன்றும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பழைய விளக்குக்குப் போட்ட புரோகிராம் முழுவதும் புதிய விளக்குக்கு இறங்கிவிடும். ஆனால் இறங்கியதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நிறத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஒரு விளக்கு சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளைக் கூட்டி நிறம் தரும்; இன்னொன்று வெள்ளை ஒளியிலிருந்து சயான், மஜென்டா, மஞ்சள் ஃபில்டர்களால் கழித்து நிறம் தரும். ஆம்பரோ லைமோ கூடுதலாக இருக்கும் எல்இடி என்றால் கதை இன்னும் மாறும். கணக்குப்படி ஒரே ஆம்பர்தான், ஆனால் பாடகர் முகத்தில் விழும்போது ஒன்று இதமாக இருக்கும், மற்றது பச்சையடிக்கும். அதனால் ஸ்கின் டோனுக்கான நிறங்களை முதலில் சரிபார்ப்பேன், பின்னணி நிறங்கள் அப்புறம். கோபோ (ஒளியில் உருவம் விழ வைக்கும் தகடு) பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு மாடலின் மூன்றாவது கோபோவும் இன்னொன்றின் மூன்றாவது கோபோவும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

இதோடு ஒட்டியது ஃபிக்சர் ப்ரொஃபைல், அதாவது விளக்கில் எந்த சேனல் எதை இயக்கும் என்று கன்சோலுக்குச் சொல்லும் கோப்பு. பெரிய பிராண்டு விளக்குகளுக்கு எல்லா கன்சோல் நூலகத்திலும் கோப்பு இருக்கும். ஜிடிடிஎஃப் என்ற பொதுவான கோப்பு வடிவம் வந்த பிறகு இன்னும் சுலபம். சிக்கல் பெயரில்லாத விளக்குகளில்தான். கையேட்டை வைத்து நீங்களே ப்ரொஃபைல் எழுத வேண்டியிருக்கும். ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஷட்டர் சேனலில் (ஒளியை மூடித் திறப்பதற்கான, 0 முதல் 255 வரை மதிப்பு ஏற்கும் கட்டளை வழி) 0 முதல் 7 வரை மூடியது, 8 முதல் 15 வரை திறந்தது, அதற்கு மேல் ஸ்ட்ரோப் (வேகமாக மின்னுவது) என்று கையேட்டில் இருக்கிறது. ப்ரொஃபைலில் ‘திறந்தது’ என்பதன் இயல்பு மதிப்பாக 0 என்று இருந்துவிட்டால், டிம்மரை (பிரகாச அளவை) 255-க்கு ஏற்றினாலும் விளக்கில் ஒரு பொட்டு வெளிச்சம் வராது. பார்ப்பவர்கள் விளக்கு போய்விட்டது என்பார்கள். இப்படி ஒரு வரியைத் திருத்த டெஸ்க்கிலேயே எடிட்டர் இருக்கிறதா, இல்லை லேப்டாப்பைத் திறந்து, கோப்பை மாற்றி, பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவர வேண்டுமா? மேடைக்கு மேடை அலைபவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். மேஜிக்க்யூ எனக்குப் பிடித்துப்போனதற்கு இந்த எடிட்டர் ஒரு முக்கியக் காரணம்.

நாடகத்துக்கு வந்தால் எடை போட வேண்டியது வேறு: ட்ராக்கிங். ஈயாஸ் இயல்பாகவே ட்ராக்கிங் முறையில் ஓடும். க்யூவில் மாறியது மட்டும் பதியும், மாறாதது முந்தைய க்யூவிலிருந்து அப்படியே தொடரும். இரவுக் காட்சி ஒன்று, க்யூ 40-ல் பின்திரை நீலம் வருகிறது, க்யூ 58 வரை அதே நீலம். ஒத்திகையில் இயக்குநர், “அந்த நீலம் கொஞ்சம் அதிகமா இருக்கு” என்கிறார். க்யூ 40-ல் குறைத்தால் போதும், 58 வரை தானே குறைந்துவிடும். ஒவ்வொரு க்யூவிலும் முழு மேடையையும் பதியும் டெஸ்க்கில் இதே வேலையை இடையில் உள்ள ஒவ்வொரு க்யூவுக்கும் செய்ய வேண்டும். சரி, ஒரு க்யூவில் மட்டும் மாற வேண்டும், அடுத்ததற்குப் போகக் கூடாது என்றால் க்யூ ஒன்லி என்று பதியலாம். காட்சி மாறும் இடத்தில் ப்ளாக் வைத்துவிட்டால் முந்தைய காட்சியில் செய்யும் திருத்தம் அடுத்த காட்சிக்குள் கசியாது. இந்த மூன்றும் கைக்குப் பழகிவிட்டால் ஒத்திகையில் இயக்குநரைக் காக்க வைக்க வேண்டியதில்லை. என் கணக்கில் நாடக டெஸ்க்குக்கு இதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

கூடவே மார்க் வசதியையும் பாருங்கள். இருட்டில் இருக்கும் மூவிங் ஹெட், அடுத்த க்யூவுக்கான இடத்துக்கும் நிறத்துக்கும் முன்கூட்டியே போய் நிற்பது அது. இல்லாவிட்டால் உருக்கமான காட்சி ஒன்றில் ஒளி சுவரெல்லாம் மேய்ந்துவிட்டு நடிகரிடம் வரும்.

யுனிவர்ஸ் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெஸ்க் விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை டிஎம்எக்ஸ்; அதன் ஒரு தொகுதிதான் யுனிவர்ஸ், அதில் 512 சேனல். 16 சேனல் வாஷ் விளக்கு (பரவலாக ஒளி வீசுவது) என்றால் 32 விளக்கு, 32 சேனல் மூவிங் ஹெட் என்றால் 16 விளக்கு. பிக்சல் பார் (வரிசையாகத் தனித்தனி எல்இடி கொண்ட நீள விளக்கு) வந்தால் நாலைந்து பாரிலேயே ஒரு யுனிவர்ஸ் தீர்ந்துவிடலாம். டெஸ்க்கின் முதுகில் இருக்கும் போர்ட் எண்ணிக்கை வேறு, ஆர்ட்நெட் அல்லது எஸ்ஏசிஎன் என்ற முறை வழியாக நெட்வொர்க்கில் வெளியே போகும் யுனிவர்ஸ் எண்ணிக்கை வேறு. கிராண்ட்எம்ஏவில் சேனலை எண்ணாமல் பாராமீட்டரை (பான், டில்ட் மாதிரி விளக்கின் ஒரு குணத்தை) எண்ணுவார்கள். 16 பிட் பான் இரண்டு சேனல் எடுத்தாலும் அங்கே ஒரு பாராமீட்டர்தான். ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் கணக்கு தப்பும்.

16 பிட் என்றதும் ஒன்று. ஒரு சேனலில் 256 படிகள். 540 டிகிரி திரும்பும் விளக்கை 8 பிட்டில் ஓட்டினால் ஒரு படிக்கு 2 டிகிரிக்குச் சற்று மேல் வரும். 10 மீட்டர் தள்ளி விழும் ஒளிவட்டம் ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 37 செ.மீ. தாவும். மெதுவான நகர்வு வெட்டி வெட்டித் தெரிவதற்கு இதுவே காரணம். 16 பிட் மோடில் 65,536 படிகள், அந்த வெட்டு இருக்காது. சேனலை மிச்சம் பிடிக்க விளக்கைச் சின்ன மோடில் போடச் சொல்பவர்களிடம் நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

இசை மேடையில் கன்சோலின் முகப்புதான் எல்லாம். கண் மேடையில் இருக்கும், கை தானாகத் தேட வேண்டும். அதனால் ப்ளேபேக் ஃபேடர்கள் (பதிந்ததை ஏற்றி இறக்கும் தள்ளு குமிழ்கள்) எத்தனை, அவற்றுக்குக் கீழே ஃப்ளாஷ் பொத்தான் அழுத்தினால் விரலுக்குத் தெரிகிறதா, இருட்டில் எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தொடுதிரை மட்டும் நம்பி இருக்கும் டெஸ்க்கில் வியர்த்த விரலோடு தாளத்துக்கு அடிப்பது எனக்குச் சரிப்படவில்லை. நிறம், பொசிஷன் தேர்ந்தெடுக்கத் திரை நன்றாக இருக்கிறது. அடிப்பதற்குப் பொத்தான்தான் வேண்டும். திறந்தவெளி மேடையில் பிற்பகல் வெயிலில் திரை எவ்வளவு தெரியும் என்பதையும் கேளுங்கள். கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும்.

மோட்டார் ஃபேடர் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பக்கம் மாற்றி மாற்றி, அதாவது அதே ஃபேடர்களில் வேறு பதிவுகளைக் கொண்டுவந்து ஓட்டுபவர்களுக்குக் கட்டாயம் உதவும். மோட்டார் இல்லாத ஃபேடரில் பக்கம் மாற்றினால், ஃபேடர் நிற்கும் இடமும் உள்ளே இருக்கும் மதிப்பும் பொருந்தாது. அந்த மதிப்பைக் கடக்கும்வரை தள்ளினால்தான் பிடிக்கும். பாட்டு வேகமாகப் போகும்போது இது எரிச்சல். நான் இதற்காகவே முக்கியமான ப்ளேபேக்குகளை ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன்: முன் வெளிச்சம், பிளைண்டர் (பார்வையாளர் பக்கம் அடிக்கும் பிரகாச விளக்கு), ஸ்ட்ரோப், பாடகர் ஸ்பெஷல், ஹேஸ் (மெல்லிய புகை). எந்த ஊருக்குப் போனாலும் இவை அதே ஃபேடரில் இருக்கும்.

மின்சாரம் பற்றி யாரும் டெமோவில் பேசுவதில்லை. ஒரு வெளியரங்க ஷோவில் ஜெனரேட்டர் மாற்றும்போது ஒரு நொடி கரண்ட் போய் வந்தது. யுபிஎஸ் இருந்ததால் டெஸ்க் அப்படியே நின்றது. ட்ரஸ்ஸில் இருந்த மூவிங் ஹெட்கள் எல்லாம் ரீசெட் ஆகி, சுழன்று, தங்கள் இடத்தைத் தேடிக்கொண்டு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை டிம்மரில் இருந்த சாதாரண பார் கேன் (அசையாத) விளக்குகள்தான் மேடையைக் காப்பாற்றின. அன்றிலிருந்து ரிக் (மேடையின் விளக்கு அமைப்பு) முழுக்க மூவிங் ஹெட் என்ற திட்டத்துக்கு நான் தலையாட்டுவதில்லை. டெஸ்க்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டு, ஷோ ஃபைலோடு எழுந்துவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாங்கும் முன் நேரம் பாருங்கள். யுபிஎஸ் வைத்தால் நெட்வொர்க் ஸ்விட்ச்சையும் டிஎம்எக்ஸ் நோடையும் (நெட்வொர்க் சிக்னலை டிஎம்எக்ஸாக மாற்றும் பெட்டி) அதிலேயே மாட்டுங்கள். டெஸ்க் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை.

ஷோ ஃபைல் இரண்டு பென் டிரைவில், ஒன்று டெஸ்க்கோடு, ஒன்று பையில். புதிய மென்பொருளில் சேமித்த ஃபைல் பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம், அதனால் வாடகை டெஸ்க் வரும் இடத்தில் பதிப்பு எண்ணை முன்கூட்டியே கேட்டுவிடுவேன். ஷோ நாளில் அப்டேட் கிடையாது. யார் சொன்னாலும் கிடையாது.

கேபிளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கன்சோல் மேல் வரும் புகார்களில் நிறைய கேபிள் சம்பந்தப்பட்டவை. டிஎம்எக்ஸ் ஓடும் கேபிளுக்கு 120 ஓம் மின்மறுப்பு இருக்க வேண்டும், மைக் கேபிள் அதற்குச் சரியான மாற்று அல்ல. ஒரு வரிசையில் 32 கருவிக்கு மேல் போனால் ஸ்ப்ளிட்டர் (சிக்னலைப் பிரித்து அனுப்பும் பெட்டி), கடைசி விளக்கில் டெர்மினேட்டர் (வரிசையை முடித்துவைக்கும் செருகி). விளக்குகள் திடீர் திடீரென்று துடித்தால் டெஸ்க்கைத் திட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஆர்டிஎம் (அதே கேபிளில் விளக்கோடு இருவழியும் பேசும் முறை) வசதி இருக்கும் டெஸ்க் என்றால் ஏணி ஏறாமலே விளக்கின் முகவரியை மாற்றலாம். நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டரும் ஆர்டிஎம்மைக் கடத்த வேண்டும்.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் உடனே டெஸ்க் வாங்க வேண்டாம். மேஜிக்க்யூ, கிராண்ட்எம்ஏவின் ஆன்பிசி இரண்டையும் இலவசமாக இறக்கிக் கணினியில் பழகலாம். வெளியே சிக்னல் அனுப்ப ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அதைப் படித்துவிட்டு இறங்குங்கள். சின்ன அரங்குக்கு க்யூஎல்சி பிளஸ் என்ற திறந்த மூல மென்பொருளே தாராளம். வீட்டில் உட்கார்ந்து பேட்ச் செய்து (விளக்குகளுக்கு முகவரி கொடுத்து), பேலட் எழுதி, ஒரு பாட்டுக்கு முழுதாகப் புரோகிராம் செய்து பாருங்கள். எந்த மென்பொருள் உங்கள் யோசனையோடு ஒத்துப்போகிறது என்று அதிலேயே பிடிபடும். சிலருக்கு எண்ணை அடித்துக் கட்டளை கொடுப்பது வசதி, சிலருக்குத் திரையில் தொட்டு எடுப்பது வசதி.

பழைய டெஸ்க் வாங்குபவர்கள் ஒரு எல்இடி விளக்கையும் கேபிளையும் கையோடு கொண்டு போங்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் மாட்டி வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஃபேடரையும் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஹேஸ் எண்ணெயும் தூசியும் உள்ளே படிந்திருந்தால் நடுவில் ஓர் இடத்தில் மதிப்பு தாவும், அல்லது கீழே இறக்கியும் 0-க்கு வராது. என்கோடரை (மதிப்பை மாற்றும் சுழல் குமிழை) ஒரே திசையில் சுற்றுங்கள், மதிப்பு பின்னால் போகிறதா என்று கவனியுங்கள். திரையின் நான்கு மூலையும் தொடுங்கள். அந்த மாடலுக்கு இன்னும் மென்பொருள் வருகிறதா, ஃபேடர் தனியாகக் கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரிடமே கேட்டுவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.