காட்பாடி பக்கம் ஏரி ஓரத்தில் மனை பார்க்கிறவர்கள் கவனத்துக்கு

2015-இல் காட்பாடி பக்கம் ஓர் ஏரியை ஒட்டிப் போட்ட லேஅவுட்டில் 1,200 சதுரடி மனை வாங்கினேன். பஞ்சாயத்து அப்ரூவல் என்றார்கள். பட்டா இருந்தது, வில்லங்கம் இல்லை, மூலப்பத்திரத்தை வக்கீலும் பார்த்தார். முத்திரைக்கும் பதிவுக்குமாக 8 சதவீதம் கட்டினேன். எல்லாம் அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணம்.

இடம் பார்க்கப் போனது மே மாதம். ஏரி வெடித்துக் கிடந்தது, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. "அந்த வேலிக்காத்தானோட ஏரி முடிஞ்சுது சார்" என்றார் புரோக்கர். நம்பிவிட்டேன்.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய உயர்நீதிமன்றம் தடை போட்டது. பஞ்சாயத்து அப்ரூவல் போதாது என்பதால் என் மனையும் அதில் அடங்கியது. மறு வருடம் இப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்ததும் விண்ணப்பித்தேன். நீர்நிலைக்குள் வருகிறது என்று திருப்பிவிட்டார்கள். சர்வேயரை வைத்து அளந்தால், சுமார் 700 சதுரடி ஏரிப் புறம்போக்கு! பத்திரத்தில் பட்டா நிலத்தின் சர்வே நம்பர், கல் நட்டதோ பக்கத்து நம்பரில். மிச்ச 500 சதுரடி என் பட்டாதான், ஆனால் அதுவும் தண்ணீர் நிற்கிற உள்வாய். வீடு கட்ட முடியாது.

கட்டக்கூடாது என்ற விதியில் எனக்கு வருத்தமில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது இந்த ஏரியும் நிரம்பிக் கோடி போனது. என் மனையில் இடுப்பளவு தண்ணீர், பொங்கல் வரை வடியவில்லை. அங்கே குடியிருந்தால் பிள்ளைகளோடு எங்கே போயிருப்பேன்? ஆனால் உள்வாய் நிலத்தை மனையாகப் பதியும்போது பணம் வாங்கிக்கொண்ட அரசு, அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? பட்டா கையில் இருக்கிறது, உரிமை எங்கே இருக்கிறது?

புரமோட்டர் போனை எடுப்பதில்லை. போலீஸில் 'சிவில் விவகாரம்' என்று அனுப்பிவிட்டார்கள்.

வில்லங்கச் சான்றில் என்னென்ன பத்திரம் பதிந்திருக்கிறது என்று தெரியும், நிலம் என்ன வகை என்று தெரியாது. அதற்கு அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறைக் கணக்கு) பாருங்கள், உங்கள் நம்பருக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள நம்பர்களுக்கும். புலப்படம் (அந்த சர்வே நம்பரின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) எடுத்து, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை போய் நில்லுங்கள். அந்த ஏரியில் பாசனம் செய்கிறவர்களிடம் கேளுங்கள். நான் பிறகு கேட்டபோது ஒரு பெரியவர், "எங்க தாத்தா காலத்துலயே அது உள்வாய்தானேப்பா, முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

அதே இடத்தில் மிச்ச மனைகளுக்கு இந்த மாதம் வேறு பெயரில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். யாராவது முன்பணம் கொடுத்திருந்தால், பத்திரம் பதியும் முன் அளந்து பாருங்கள்.