சிமியோனின் தூணா, யோவானின் கல்லறையா?

பைசாந்தியப் பேரரசில் (கிழக்கு ரோமப் பேரரசில்) யாத்திரிகர்களை மனதில் வைத்தே எழுப்பிய ஆலயங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம்: சிரியாவில் அலெப்போவுக்கு வடமேற்கே இருக்கும் புனித சிமியோன் ஆலயம், துருக்கியில் எபேசு என்ற பழைய நகரத்துக்குப் பக்கத்தில் செல்சுக் ஊரில் இருக்கும் புனித யோவான் ஆலயம். முதலில் எதைப் பற்றிப் படிக்கலாம் என்று கேட்டால், சிமியோனைத்தான் சொல்வேன்.

காரணம், அதன் அமைப்பு. சிமியோன் என்ற துறவி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூண் உச்சியிலேயே வாழ்ந்து 459இல் இறந்தார். உடலை அந்தியோகியா நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; ஆனாலும் மக்கள் தூணைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். அப்புறம் பேரரசர் சீனோ காலத்தில், தூணை நடுவில் நிறுத்தி எண்கோணக் கூடம், அதிலிருந்து நாலு பக்கமும் நாலு நீண்ட மண்டபங்கள் என்று கட்டினார்கள். சுண்ணாம்புக்கல் சுவரில், ஒரு சன்னல் வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நாடா போல ஓடும் செதுக்கலைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. தூணைத்தான் வந்தவர்கள் துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்; மிஞ்சியது ஒரு பாறைக்கட்டி. 2016இல் நடந்த குண்டுவீச்சில் ஆலயமும் சேதமானது, நெஞ்சு பொறுக்கவில்லை.

யோவான் ஆலயம், இயேசுவின் சீடர் யோவானின் கல்லறை என்று நம்பிய இடத்தின் மேல் 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது. சிலுவை வடிவம், ஆறு குவிமாடங்கள். தூண்களின் தலைப்பில் அவருடைய பெயரெழுத்தும் அரசி தியோடோராவின் பெயரெழுத்தும். கல்லறையிலிருந்து வருவதாக நம்பிய புனிதத் தூளை யாத்திரிகர்கள் சின்னக் குப்பிகளில் எடுத்துப்போனார்கள். பிரம்மாண்டம்தான், ஆனால் அரசரின் கைதான் அதிகம் தெரிகிறது. குவிமாடங்கள் இடிந்துவிட்டன. சரி, நேரில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதைக்கு செல்சுக்தான் எளிது.