வீட்டு ரவுட்டருக்குப் பின்னாலிருந்து மைன்கிராஃப்ட் சர்வர்: போர்ட் திறப்பதா, தனி வலையமைப்பா, வாடகைச் சர்வரா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியறையில் உள்ள பழைய கணினியில் அக்கா மகன் மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்றை நடத்துகிறான். அவனோடு விளையாடும் நால்வரில் இருவர் காட்பாடியிலும் ஒருவன் குடியாத்தத்திலும் இருக்கிறார்கள். இன்னொருவன் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டு வைஃபைக்குள் குறையின்றி ஓடிய சர்வரை இந்த நால்வரும் வெளியிலிருந்து எட்டுவதற்கு உள்ள வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் சொல்வது போர்ட் ஃபார்வர்டிங். வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பை வீட்டிலுள்ள எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது என்பதால் அது அந்த இணைப்பை நிராகரித்துவிடும். 25565 என்ற டி.சி.பி. போர்ட்டுக்கு (போர்ட் என்பது ஒரு நிரலுக்கான வாசல் எண்; டி.சி.பி., யு.டி.பி. இரண்டும் தரவை அனுப்பும் முறைகள்) வருவதைச் சர்வர் கணினிக்கு அனுப்பு என்று நாம் விதி எழுதிவைத்தால் வழி திறக்கும். இது மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கான எண். பெட்ராக் பதிப்புக்கு 19132, அதுவும் யு.டி.பி.; இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் திண்டாடுபவர்கள் பலர். இடையில் யாரும் இல்லாத நேர்வழி இது, நண்பர்கள் எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை, பிங்கும் (தரவு போய்வரும் நேரம்) குறைவு. வீட்டு ரவுட்டருக்குப் பொது ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் எங்கிருந்தும் எட்டக்கூடிய எண், கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை, அந்த நிபந்தனையில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

விதியை எழுதினோம், விண்டோஸ் ஃபயர்வாலில் ஜாவாவுக்கு அனுமதி கொடுத்தோம், மூன்று மாலைகள் முயன்றோம். குடியாத்தத்துப் பையனின் திரையில் ஒவ்வொரு முறையும் ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்றே வந்தது. மூன்றாம் நாள் அக்கா மகன் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தையும், அதே வைஃபையில் இருந்த கைபேசியில் நம் ஐ.பி. முகவரியைக் காட்டும் தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “மாமா, ரெண்டும் வேற வேற நம்பரா இருக்கே” என்றான். ரவுட்டரில் ‘வான் ஐ.பி.’ (இணையப் பக்கத்து முகவரி) என்ற இடத்தில் இருந்த எண் 100.72 என்று தொடங்கியது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை, சி.ஜி.நாட் என்று அதைச் சொல்கிறார்கள். ஐ.பி.வி.4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான் உண்டு, ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது என்பதால் நிறுவனங்களுக்கும் வேறு வழி குறைவு. நம் ரவுட்டரில் எத்தனை விதிகள் எழுதினாலும், நிறுவனத்தின் பெரிய ரவுட்டரில் யாரும் நமக்காக ஒரு விதி எழுதப்போவதில்லை.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பதற்கு முன்பே இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யும். ரவுட்டர் காட்டுவது 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் ஃபைபர் ஆபரேட்டர் வைத்துச்சென்ற பெட்டியும் ஒரு ரவுட்டராகவே இயங்குகிறது என்று பொருள். அதை, இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்க்கலாம். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், கட்டணம் செலுத்தி ஸ்டாட்டிக் ஐ.பி. (மாறாத பொது முகவரி) வாங்க வேண்டும், அல்லது வேறு வழிக்குப் போக வேண்டும். எங்கள் ஆபரேட்டரிடம் கேட்டபோது, வணிக இணைப்புக்கு மட்டுமே தருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பொது முகவரி உள்ளவர்களுக்கும் இவ்வழியில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போகும் மின்சாரம் மாலையில் திரும்பும்போது, ரவுட்டர் புதிய பொது முகவரியோடு எழக்கூடும், சர்வர் கணினிக்கும் ரவுட்டர் வீட்டுக்குள் தரும் உள்முகவரி மாறிவிடக்கூடும், அப்போது எழுதிவைத்த விதி ஆளில்லாத முகவரியைக் காட்டிக்கொண்டு நிற்கும். உள்முகவரியை ரவுட்டரிலேயே நிலையாகப் பதிந்துவைப்பதும், முகவரி மாறினாலும் அதைப் பின்தொடரும் ஒரு பெயரை டக்டிஎன்எஸ் போன்ற டைனமிக் டி.என்.எஸ். சேவையில் வாங்கிக்கொள்வதும் இதற்குத் தீர்வு. பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஷெல் ஓட்டையின் வழியே, மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்து சர்வர் கணினியையே கைப்பற்ற முடிந்தது, 1.18.1 பதிப்பில்தான் அது அடைக்கப்பட்டது. திறந்த போர்ட்டை முன்பின் அறியாதவர்களும் தட்டிப்பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால், ஒயிட்லிஸ்ட் (பெயர் உள்ளவர்களை மட்டும் உள்ளே விடும் பட்டியல்) போடாமல் திறந்துவைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

புதிய முகவரி முறையான ஐ.பி.வி.6 பலர் எண்ணிப்பார்க்காத வழி. அதில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரி உண்டு என்பதால் சி.ஜி.நாட் குறுக்கே வராது, ரவுட்டரின் ஐ.பி.வி.6 ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டுக்கு அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் விளையாடும் அனைவரிடமும் ஐ.பி.வி.6 இருக்க வேண்டும். காட்பாடிப் பையன்கள் கைபேசி டேட்டாவிலிருந்து சிரமமின்றி நுழைந்தார்கள், விடுதி வைஃபையில் அது இல்லாததால் ஒருவன் வெளியிலேயே நின்றான்.

எங்களுக்குக் கைகொடுத்தது டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள். சர்வரிலும் நண்பர்களின் கணினிகளிலும் இதை நிறுவினால், எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பதுபோன்ற தனி வலையமைப்பு உருவாகிறது. இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே இணைப்பைத் தொடங்கிப் பாதையைத் தாமே துளைத்துக்கொள்வதால், பொது முகவரியும் வேண்டியதில்லை, ரவுட்டரில் விதியும் வேண்டியதில்லை. நேர்ப்பாதை அமையாவிட்டால் தரவு இடைநிலைச் சர்வர் வழியாகச் செல்லும், தாமதம் கூடும். ‘டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ்’ என்று கட்டளையிட்டால் யார் ‘டைரக்ட்’, யார் ‘ரிலே’ என்று தெரிந்துவிடும். எங்கள் கூட்டத்தில் விடுதிப் பையன் மட்டுமே ரிலேயில் வருகிறான். இதுவும் 100 என்று தொடங்கும் முகவரிகளையே தருகிறது, அதைச் சி.ஜி.நாட் முகவரியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. லேன் (வீட்டு வலையமைப்பு) பட்டியலில் தானாகத் தோன்றும் அறைகளை நம்பியிருக்கும் பழைய விளையாட்டுகளுக்கு மட்டும், பிராட்காஸ்டையும் (எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும் அறிவிப்பு) கடத்தும் ஜீரோடையர் என்ற இதுபோன்ற மென்பொருள் பொருத்தமானது.

கன்சோலில் விளையாடுபவர்களும், மென்பொருள் நிறுவத் தயங்கும் பெற்றோரின் பிள்ளைகளும் கூட்டத்தில் இருந்தால் பிளேஇட் போன்ற சுரங்கச் சேவையை நாடலாம். சர்வரில் மட்டும் ஒரு நிரலை ஓட்டினால் பொது முகவரி ஒன்று கிடைக்கும், நண்பர்களுக்கு அதைச் சொன்னால் போதும். எல்லாத் தரவும் அவர்களின் சர்வரைச் சுற்றி வருவதே விலை. அது சிங்கப்பூரில் இருந்தால், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும் கணக்கில் போய்வரவே 29 மில்லிநொடி ஆகும், சர்வரிலிருந்து காட்பாடிக்காரனுக்குச் செல்லும் தரவும் கடல் தாண்டித்தான் திரும்பும். மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 முறை, அதாவது 50 மில்லிநொடிக்கு ஒரு முறை உலகைப் புதுப்பிக்கிறது. வீடு கட்டும்போது இந்தத் தாமதம் உறைக்காது, வாளெடுத்துச் சண்டையிடும்போது உறைக்கும்.

மும்பையிலோ பெங்களூருவிலோ உள்ள கிளவுட் சர்வரை மாத வாடகைக்கு எடுப்பது நம்பகமானது, ஐவருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. கூட்டம் பதினைந்து இருபது பேராகி, இரவு பகலாக உலகம் திறந்திருக்க வேண்டும் என்றால் என் கருத்து மாறும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், மாடியறைக் கணினியை 24 மணி நேரமும் ஓடவிட எனக்கு மனம் வரவில்லை; மாலை ஆறு முதல் இரவு ஒன்பதரை வரை மட்டும் ஓடட்டும் என்று வைத்திருக்கிறோம். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டரோடு இணைத்த பிறகு, நடுவில் மின்சாரம் போனாலும் ஆட்டம் அறுபடுவதில்லை.