வற்றலா, தொக்கா, ஃப்ரீசரா: மிஞ்சும் கோடைக் காய்களுக்கு எது ஏற்றது?

சித்திரை பிறந்தால் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களின் புலம்பல் தொடங்கிவிடும். வீட்டில் நான்கு பேர். காய்ப்பதோ பத்துப் பேருக்கு. மாசியில் போட்ட வெண்டையும் கொத்தவரையும், அதற்கு முன்பே நட்ட கத்தரியும் தக்காளியும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒன்றாகக் காய்க்கும். வெண்டையை இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் நாராகிவிடும். பறித்துவிட்டாலோ, பக்கத்து வீட்டில் கொடுத்தது போக மிச்சம் கூடையில் வாடும்.

மிச்சத்தைக் காப்பாற்ற வெயிலில் வற்றல் போடலாம், தொக்காகக் கிளறலாம், ஃப்ரீசரில் வைக்கலாம். எது சிறந்தது என்று யாராவது கேட்டால், என்ன காய், எந்த ஊர் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் என் வாக்கு வற்றலுக்கே.

பெரும்பாலான காய்களில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அது வெளியேறிவிட்டால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் பிழைக்க வழியில்லை. மே மாதம் முழுக்க நாம் திட்டித் தீர்க்கும் அக்னி நட்சத்திர வெயில் இந்த வேலையைக் காசு வாங்காமல் செய்துகொடுக்கிறது. கொத்தவரை இதற்கென்றே பிறந்த காய். காம்பும் நுனியும் கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பினால் மூன்று நான்கு நாளில் சலசலவென்று ஆகிவிடும். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் காய வேண்டும். கத்தரியை நீளத் துண்டுகளாக நறுக்கி, புளியும் உப்பும் கரைத்த நீரில் ஒரு கொதி விட்டுக் காயவைக்கலாம். சுண்டைக்காயைத் தட்டி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவிட்டு, பகலில் வெயில், இரவில் மறுபடி மோர் என்று மோர் வற்றும்வரை மாற்றி மாற்றிப் போடுவார்கள். மோர் மிளகாய்க்கும் இதே கணக்குதான். வெண்டையை மட்டும் வேகவைக்கக் கூடாது, கொழகொழத்துவிடும். வில்லைகளாக நறுக்கி அப்படியே காயவைப்பது நல்லது.

வற்றல் என்பது பச்சைக் காயின் ஏழை உறவு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கத்தரி வற்றலைச் சுடுநீரில் ஊறவைத்துப் புளிக்குழம்பில் போட்டால் கிடைக்கும் ருசி, புதுக் கத்தரிக்காயில் கிடைக்காது. ஃப்ரீசரும் தொக்கும் காயைக் காக்கின்றன. வெயில் அதை வேறொரு பண்டமாகவே மாற்றிவிடுகிறது.

குறைகளும் உண்டு. வைட்டமின் சி பெருமளவு போய்விடும். உப்பு அதிகம் என்பதால் இரத்த அழுத்தக்காரர்கள் அளவோடுதான் சாப்பிட முடியும். மதுரை, திருச்சி மொட்டைமாடிகளில் சட்டென்று காய்வது, சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இழுத்துக்கொண்டே போகும். அங்கே காற்றிலேயே ஈரம். கொங்குப் பக்கம் கோடை மழை எப்போது வரும் என்று தெரியாது. மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு குப்பையில் போடுங்கள். சில பூஞ்சைகள் விடும் நஞ்சு மறுபடி காயவைத்தாலும் எண்ணெயில் வறுத்தாலும் போகாது.

தக்காளியிடம் வெயில் தோற்றுவிடுகிறது. ஏறக்குறைய தண்ணீராலேயே ஆன பழம் அது. காய்வதற்குள் அழுகவோ ஈ மொய்க்கவோ தொடங்கிவிடும். அதற்குத் தொக்குதான். ஆனால் எண்ணெய் மிதந்தால் கெடாது என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. நல்லெண்ணெய் காற்றைத் தடுக்கிறது, அவ்வளவே. உண்மையில் காப்பாற்றுவது உப்பும் புளிப்பும். புளிப்பு குறையக் குறைய ஏறும் பிஎச் எண் 4.6-க்கு மேலே போனால், காற்றே இல்லாத இடத்தில் வளர்ந்து பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமிக்கு அது வசதி. தக்காளி அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. நன்கு பழுத்தால் புளிப்பு இன்னும் குறையும். நம் வீடுகளில் தக்காளித் தொக்கில் புளியையும் சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல. புளிப்பே இல்லாத காயை எண்ணெயில் வதக்கி பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைப்பது ஆபத்து. அதை ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிட வேண்டும்.

ஃப்ரீசரைப் பற்றி இணையத்தில் பாடப்படும் புகழில் பாதி குளிர்நாட்டுச் சமையலறைக்குரியது. காய் மாதக்கணக்கில் நன்றாக இருக்க மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டியில் பெரும்பாலும் அந்தக் குளிர் இருக்காது. இருந்தாலும் ஐஸ் தட்டும் மாவுப் பாத்திரமும் போக எவ்வளவு இடம் மிஞ்சும்? மின்வெட்டு நீண்டால் உழைப்பெல்லாம் வீண். அப்படியே பையில் போட்டு வைப்பதும் பலன் தராது. காயிலுள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் என்பதால், கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி, ஈரம் போகத் துடைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் புடலையும் வெள்ளரியும் வெளியே வரும்போது தொளதொளவென்று இருக்கும். உறைந்த நீர் கூரிய படிகங்களாகிக் காயின் திசுவைக் கிழித்துவிடுகிறது.

இருந்தாலும் முருங்கைக்காய்க்கு என் வீட்டு ஃப்ரீசரில் இடம் உண்டு. கோடையில் ஒரே மரம் தெருவுக்கே காய்க்கிறது; வற்றலுக்கும் அது சரிப்படாது. விரல் நீளத் துண்டுகளாக வைத்தால் மழைக்காலச் சாம்பாருக்கு ஆகும். வேகவைத்து வழித்த சதைப்பற்றாக வைத்தால் இடமும் மிச்சம்.

பூசணிக்கோ இந்த மூன்றில் எதுவுமே தேவையில்லை. நன்றாக விளைந்த பறங்கியையும் சாம்பல் பூசணியையும் காம்போடு அறுத்து, ஒன்றோடொன்று உரசாமல் காற்றோட்டமான மூலையில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். எதையும் சேமித்து வைக்க இடமில்லாதவர்கள், எல்லாம் ஒன்றாகக் காய்த்துக் குவியாமல் இருக்க, அடுத்த ஆண்டு வெண்டை விதை முழுவதையும் ஒரே நாளில் ஊன்றாமல், பாதியை இருபது நாள் தள்ளி ஊன்றிப் பார்க்கலாம்.