மழை பெய்தது சரி, எவ்வளவு பெய்தது? குழாய் மழைமானி பற்றி

"பரவலாக மழை இருக்கும், நீர் பாய்ச்சுவதைத் தள்ளிப் போடுங்கள்" என்று பருவ ஆலோசனை வாரா வாரம் வருகிறது. நல்ல ஆலோசனைதான். ஆனால் அது ஒரு வட்டாரத்துக்கே பொதுவாகச் சொல்வது, பக்கத்து வயலில் கொட்டிய மழை நம் வரப்பைத் தாண்டாமல் நின்றுபோவது யாருக்கும் புதிதில்லை. அதற்காகவே பிளாஸ்டிக் குழாய் மழைமானி ஒன்று வாங்கினேன், இரண்டு பருவம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

4 அங்குல வாயுள்ள உருளை, உள்ளே ஒல்லியாக ஒரு குழாய், மேலே புனல், அவ்வளவுதான். புனல் வாயின் பரப்பு உள்குழாயைப் போல 10 மடங்கு என்பதால் 1 மி.மீ. மழை உள்ளே 1 செ.மீ. உயரத்துக்கு நிற்கும், சின்னத் தூறலைக்கூடத் தெளிவாகப் படிக்கலாம். 25 மி.மீ. தாண்டினால் மிச்சம் வெளி உருளையில் வழியும், அதை அப்புறம் உள்குழாயில் ஊற்றி அளந்துகொள்ள வேண்டியதுதான்.

இதற்கு முன் வைத்திருந்தது பேட்டரியில் ஓடும் தானியங்கி. உள்ளே குட்டி வாளி நிரம்பிக் கவிழும்போதெல்லாம் ஓர் எண்ணிக்கை ஏறும். வீட்டுக்குள் இருந்தே திரையில் பார்க்கலாம், சௌகரியம்தான், ஆனால் அடித்துப் பெய்கிற மழையை அது குறைத்துக் காட்டும். ஒரு முறை புனலில் சிலந்தி கூடு கட்டி வாரம் முழுக்கப் பூஜ்யமே காட்டியது, நானும் அதை நம்பி ஏற்கெனவே ஊறிக் கிடந்த தக்காளிப் பாத்திக்கு மேலும் தண்ணீர் விட்டேன். வேர் அழுகிப் பாதிச் செடி போயிற்று. இன்னும் மனசு ஆறவில்லை.

கையில் எண் இருந்தால் வேலை எவ்வளவு சுலபமாகிறது பாருங்கள். 1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். காய்கறிக்கு வாரம் சுமார் 25 மி.மீ. என்பது பொதுக் கணக்கு, வெயில் ஏறினால் கூடும். மானியில் 15 இருக்கிறதா, சதுர மீட்டருக்கு இன்னும் 10 லிட்டர் விட்டால் போதும். அதே 25 மி.மீ. மணல் மண்ணில் ஓர் அடி வரை இறங்கும், களிமண்ணில் அரை அடிகூடப் போகாது. 3 மி.மீ. தூறலுக்கு மேல்மண் கறுத்து, நல்ல உழவு மழை பெய்த மாதிரியே தெரியும், அதை நம்பி விதைத்தால் முளை தலை காட்டியதும் காய்ந்துவிடும். மாடு ஆடு வைத்திருப்பவர்கள் மாதக் கணக்கைக் குறித்து வைத்தால், புல் வளரும் மாதங்களில் மழை குறைந்ததுமே தீவனத்துக்கு ஏற்பாடு செய்துவிடலாம், மேய்ச்சல் நிலம் மொட்டையான பிறகு ஓட வேண்டாம்.

வைக்கிற இடத்தில் மட்டும் கவனம். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். மானியின் வாய் கம்பத்தின் உச்சிக்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் பட்டுத் தெறிக்கிற தண்ணீரும் கணக்கில் சேரும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் கொட்டிவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. கம்பத்தில் மாட்டும் பிடி வெயிலில் காய்ந்து உடைந்தது, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறேன். அளவுக் கோடுகளும் மங்கத் தொடங்கிவிட்டன. உறைபனி விழும் இடம் என்றால் குளிர் காலத்தில் புனலையும் உள்குழாயையும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள், தண்ணீர் உறைந்தால் குழாய் விரிசல் விடும்.

நிலத்தின் மறு கோடிக்கும் இதையே இன்னொன்று வாங்கப் போகிறேன்.