கார் வாங்காத ஒருத்தி எழுதுற கேப் ஆப் ரிவ்யூ: அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்

எட்டு வருஷமா ஒரே கேப் ஆப்தான் யூஸ் பண்றேன். பேரு சொல்லல, ஏன்னா நீங்க வேற ஆப் வச்சிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். எனக்கு சென்னைல வீடு மேடவாக்கம், ஆபீஸ் சோழிங்கநல்லூர், அக்கவுண்ட்ஸ் வேலை. கார் இல்ல, ஸ்கூட்டியும் இல்ல. லோன் போட்டா கார் வாங்கிடலாம், ஆபீஸ்ல பாதி பேர் அப்படித்தான் வாங்கினாங்க, ஆனா ஏற்கனவே நகர முடியாம நிக்குற ரோட்டுல நானும் ஒரு வண்டியக் கொண்டு போய் நிறுத்த வேணாம்னு முடிவு பண்ணி இருக்கேன். அந்த முடிவை நான் மாத்திக்கல, ஆனா அதுக்கு எவ்ளோ விலை குடுக்குறேன்னு போன மழைலதான் உக்காந்து கணக்குப் போட்டேன்.

அன்னைக்கு மாசக் கடைசி, க்ளோசிங் முடிச்சு வெளிய வரும்போது ராத்திரி ஒம்பதே முக்கால், நல்ல மழை, சோழிங்கநல்லூர் ஜங்ஷன் பக்கம் கணுக்கால் வரைக்கும் தண்ணி. சாதாரண நாள்ல வீட்டுக்கு 190, 200 காட்டும், அன்னைக்கு 380. சரி போகட்டும்னு புக் பண்ணா "தேடுறோம் தேடுறோம்"னு சுத்திக்கிட்டே இருக்கு, அதுக்கு நடுவுல 30, 50, 70னு மூணு பட்டன் வருது, கூட சேர்த்துக் குடுத்தா சீக்கிரம் வண்டி கிடைக்கும்னு. டிப்புன்னா வேலை முடிஞ்சு மனசார குடுக்குறது, வண்டியே வராம எதுக்கு டிப்பு? 50 அமுக்கினேன். ஒரு டிரைவர் அண்ணன் ஃபோன் பண்ணாரு, எங்க போகணும், கேஷா ஆன்லைனான்னு கேட்டாரு, ஆன்லைன்னு சொன்னதும் கட் பண்ணிட்டாரு, ஆனா கேன்சல் மட்டும் பண்ணல, மேப்ல வண்டி அதே இடத்துல பத்து நிமிஷம் நின்னுச்சு. நானே கேன்சல் பண்ணேன். அடுத்த ரைடுல அந்த கேன்சலேஷன் சார்ஜை என் தலைல கட்டிட்டாங்க. ஹெல்ப்னு இருக்குற இடத்துல போனா ஏற்கனவே எழுதி வச்ச பதில்தான் வருது, மனுஷங்க யாரும் பேச மாட்டாங்க. நாலு நாள் விடாம மெசேஜ் போட்டு, கடைசில காசு திரும்ப வந்துச்சு, அதுவும் பேங்குக்கு இல்ல, அந்த ஆப்போட வாலட்டுக்கு, அதாவது மறுபடியும் அவங்ககிட்டயே செலவு பண்ணணும்.

விதி என்ன சொல்லுதுன்னும் தேடிப் படிச்சேன். 2020ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல பீக் ஹவர்ல அடிப்படை கட்டணத்துக்கு ஒன்றரை மடங்கு வரைக்கும்தான் வாங்கலாம்னு இருந்துச்சு, 2025 ஜூலைல வந்த புது வழிகாட்டுதல்ல அதை ரெண்டு மடங்கா ஏத்திட்டாங்க. காரணமில்லாம கேன்சல் பண்ணா கட்டணத்துல 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபா அபராதம், அது டிரைவருக்கும் உண்டு நமக்கும் உண்டு. பேப்பர்ல சமமாத்தான் இருக்கு. ஆனா யாரு கேன்சல் பண்ணதுன்னு முடிவு பண்றது ஆப்தான், டிரைவர் நம்மள கேன்சல் பண்ண வச்சா அது நம்ம கணக்குலதான் ஏறும்.

டிரைவர்ங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அதை அழுத்திச் சொல்லணும்னுதான் இந்த ரிவ்யூவே எழுதுறேன். போன வருஷம் ஒரு அண்ணன் வேளச்சேரிலேருந்து வீடு வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாரு, ஆரம்பத்துல இன்சென்டிவ் அப்படி வந்துச்சாம், மாசம் கையில நிக்கிற காசைப் பாத்துட்டு ரெண்டாவது வண்டியும் லோன்ல எடுத்திருக்காரு. அப்புறம் இன்சென்டிவ் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு நின்னு போச்சு, டியூ மட்டும் நிக்கல. ரெண்டாவது வண்டிய பைனான்ஸ்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க, முதல் வண்டில இப்ப பதினாலு மணி நேரம் ஓடுறாரு. "அப்ப கஸ்டமரும் சிரிச்சாங்க நாங்களும் சிரிச்சோம்மா, கம்பெனிதான் காசை இறைச்சுச்சு, ஏன் இறைச்சுச்சுன்னு அப்ப புரியல"ன்னாரு.

எனக்கும்தான் அப்ப புரியல. கேப் ஆப் வந்த புதுசுல வீட்டுல எங்கப்பாகூட நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்ல. அப்பா பல்லவன்ல, அதாவது சென்னை அரசு பஸ்ல, கண்டக்டரா இருந்தவரு, 29சி ரூட்டுல பல வருஷம், பெரம்பூர்லேருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்லயும் யாரு ஏறுவாங்கன்னு சொல்லுவாரு. நான் காமர்ஸ் படிச்ச திமிர்ல, போட்டி வந்தா விலை குறையும் சர்வீஸ் நல்லா இருக்கும், கவர்மென்ட் பஸ்ஸெல்லாம் நஷ்டம்ப்பான்னு சொல்லுவேன், உண்மையா நம்பித்தான் சொன்னேன். அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு, "கடைசி வண்டில ரெண்டு பேரு மட்டும் இருந்தாலும் நாங்க எடுத்துட்டுப் போய் விட்டோம், உன் கம்பெனிக்காரன் விடுவானா?" அப்பா இப்ப இல்ல. அந்த மழை ராத்திரி ஜங்ஷன்ல நிக்கும்போது அந்தக் கேள்விக்கு எனக்கு பதில் கிடைச்சுச்சு.

நஷ்டம்னு நான் சொன்ன கணக்கையே இப்ப திருப்பிப் பாக்குறேன். எங்க மேடவாக்கம் மேம்பாலம் 2022 மே மாசம் திறந்தாங்க, ரெண்டு கிலோமீட்டர் நீளம், 95 கோடி ரூபா. அது வருஷத்துக்கு எவ்ளோ லாபம் குடுத்துச்சுன்னு இதுவரைக்கும் யாராவது கேட்டிருக்காங்களா? கேக்கவும் மாட்டாங்க, ஏன்னா அது மேல கார் போகுது. பஸ்ஸைப் பத்திப் பேசினா மட்டும் முதல் வார்த்தையே நஷ்டம்தான். பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி சென்னைல 3,500 பஸ்ஸுக்கு மேல இருந்துச்சு, 2023 வாக்குல 3,200 சொச்சம்தான். அந்தப் பத்து வருஷத்துல ஊரு கேளம்பாக்கம் தாண்டி, வண்டலூர் தாண்டி விரிஞ்சிருக்கு. 2013ல உள்தெருவுக்கெல்லாம் போறதுக்குன்னு சிற்றுந்து விட்டாங்க, நல்ல யோசனை, ஆனா அதை அப்படியே வளத்திருக்கணும் இல்லையா. இன்னைக்கு அந்த மாதிரி தெருல இருக்குறவங்களுக்கு ஷேர் ஆட்டோ, இல்லேன்னா ஆப்.

பறக்கும் ரயிலும் அப்படித்தான். 2007ல வேளச்சேரி வரைக்கும் வந்துருச்சு, அங்கேருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர்தான், அந்தத் துண்டை முடிக்க பத்து வருஷத்துக்கு மேல இழுத்தாங்க. 2023 ஆகஸ்ட்ல நாலாவது தண்டவாளம் போடுற வேலைக்காக பீச் ஸ்டேஷன் பக்கம் அந்த ரயிலை நிறுத்தினாங்க, ஏழு மாசம்னு சொன்னாங்க, 2024 அக்டோபர் கடைசிலதான் மறுபடி ஓடுச்சு. அதே 2023 டிசம்பர்ல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைத் திறந்தாங்க, அவ்ளோ பெரிய பஸ் ஸ்டாண்ட், ஆனா பக்கத்துல போற தண்டவாளத்துல ஒரு ஸ்டேஷன் ரெடி பண்ணாமலே திறந்தாங்க. ஊர்லேருந்து விடியக்காலை நாலு மணிக்கு மூட்டை முடிச்சோட வந்து இறங்குற குடும்பம் என்ன பண்ணும், ஃபோனை எடுத்து கேப் ஆப்பைத்தான் திறக்கும். பொது வண்டி எங்கெங்க இல்லாம போகுதோ அங்கங்க இந்த ஆப்புக்கு கஸ்டமர் கிடைக்குது. நான் அவங்களுக்குக் கட்டின காசுல முக்கால்வாசி ஏசிக்கோ சீட்டுக்கோ கட்டினது இல்ல, அந்த நேரத்துக்கு ஒரு பஸ் இல்லாததுக்குக் கட்டினது. போன வருஷ ஸ்டேட்மென்டை எடுத்துக் கூட்டிப் பாத்தேன், 61,000 சொச்சம் வருது. மாநகர பஸ் மாசப் பாஸ் 1,000 ரூபா, வருஷத்துக்கு 12,000.

பொம்பளைங்களுக்கு 2021 மே மாசத்துலேருந்து சாதாரண கட்டண பஸ்ல டிக்கெட் கிடையாதே, உனக்கென்ன குறைன்னு கேக்கலாம். அது ரொம்ப நல்ல திட்டம், எங்க ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங் அக்கா பெரும்பாக்கத்துலேருந்து வர்றாங்க, அந்த மிச்சம் பிள்ளைக்கு ட்யூஷன் ஃபீஸா போகுதுன்னு சொன்னாங்க. நகரத்துக்குள்ள ஆத்தோரம் குடியிருந்தவங்களையெல்லாம் காலி பண்ணி கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு கொண்டு வந்து விட்டதுக்கு அப்புறம் அவங்களுக்கு பஸ்தான் உயிர். ஆனா ஃப்ரீயா இருந்தா மட்டும் போதுமா, ராத்திரி ஒம்பது மணிக்கு மேல பஸ் வரணும்ல. அந்த நேரத்துல எங்க ஆபீஸ் இருக்குற ஓஎம்ஆர் ரோட்டுல பாருங்க, கம்பெனி பஸ்ஸும் கம்பெனி கேபும் பாதி சீட்டு காலியாவே வரிசையா போகும், ஸ்டாப்ல நிக்குற ஹவுஸ்கீப்பிங் அக்காவையோ செக்யூரிட்டி தாத்தாவையோ ஏத்த மாட்டாங்க, ஏத்தக் கூடாது. ஒரே ரோடு, ஒரே திசை, ஒரே கேம்பஸ்லேருந்து கிளம்புறவங்க.

வாடகை பத்தியும் சொல்லிடறேன். எங்க பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்டம் வருது, 118 கிலோமீட்டர், 63,246 கோடி, நம்ம எல்லார் வரியும்தான் அதுல இருக்கு. தூண் மட்டும்தான் நின்னுச்சு, அதுக்குள்ள என் ஹவுஸ் ஓனர் மெட்ரோ வருதும்மான்னு சொல்லி 2,500 ஏத்திட்டாரு. ரயில் ஓட ஆரம்பிச்சா கார் இல்லாத நான் அதுல போறதுக்கு ஸ்டேஷன் பக்கத்துல இருப்பேனா, இல்ல வாடகை தாங்காம இன்னும் உள்ள தள்ளிப் போய், அங்கேருந்து ஸ்டேஷனுக்கு வர இதே ஆப்ல புக் பண்ணிக்கிட்டு இருப்பேனான்னு தெரியல. ஊர்க்காசுல ரயில் போட்டு அதோட பலன் நிலம் வச்சிருக்குறவங்க பாக்கெட்டுக்குப் போறது எனக்கு நெஞ்சு எரியுது.

நல்லது நடக்கும்போது சொல்லாம இருக்கக் கூடாது. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், பழைய பஸ் படி அவங்களுக்கு மலை மாதிரி. தாழ்தள பஸ் வந்தப்ப, 2025 ஜூன் கடைசில எலக்ட்ரிக் பஸ்ஸும் விட்டாங்கள்ல, அந்த மாதிரி ஒண்ணுல அம்மா கையப் பிடிக்காம தானா ஏறி ஜன்னலோரம் உக்காந்தாங்க. எத்தன வருஷம் கழிச்சு! மாற்றுத்திறனாளிங்க கோர்ட்டு வரைக்கும் போய் போராடினதாலதான் இந்தப் படி கீழ இறங்குச்சு, எந்த கம்பெனியும் தானா குடுக்கல. அந்த எலக்ட்ரிக் பஸ்ஸை ஓட்டுறது தனியார், கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு அரசு அவங்களுக்குக் குடுக்குது, கண்டக்டர் மட்டும் அரசு போக்குவரத்துக் கழகத்து ஆள். அந்த காண்ட்ராக்ட் கட்டுப்படியாகலன்னு நாளைக்கு அவங்க சொன்னா என்ன ஆகும்னு எனக்கு பயம் இருக்கு. அப்பா இருந்திருந்தா முதல்ல அம்மா ஏறினதைப் பாத்து சந்தோஷப்பட்டிருப்பாரு, அப்புறம் டிரைவர் சம்பளம் என்னன்னு கேட்டிருப்பாரு.

சரி, ஆப்புக்கு வருவோம். கார் இல்லாதவங்க இதை யூஸ் பண்ணித்தான் ஆகணும்னா, புக் பண்ணும்போதே காட்டுற ரேட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, கேன்சல் சார்ஜ் அடுத்த பில்லுல சேந்து வருதான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க, டிரைவர் நகரலன்னா கால் லாக்கோட கம்ப்ளைன்ட் போடுங்க, ரீஃபண்ட் வாலட்டுக்கு வேணாம் பேங்குக்குத்தான் வேணும்னு முதல் மெசேஜ்லயே எழுதிடுங்க. டிப் பட்டனை அமுக்காதீங்க, இறங்கும்போது டிரைவர் கையில குடுங்க. ரெண்டு ஸ்டார் குடுக்குறேன், ரெண்டும் வண்டி ஓட்டுறவங்களுக்கு.

ஆபீஸ் போக வர பஸ்தான்னு இப்ப மாத்திக்கிட்டேன், பாஸ் எடுத்தாச்சு, லேட்டாகும்னா ராத்திரி ஏழரைக்கே ஆபீஸ்லேருந்து கிளம்பிட்டு மிச்ச வேலைய மறுநாள் காலைல பாக்குறேன். ஆப்பை அழிக்க முடியல. மாசத்துக்கு ஒரு தடவை அம்மாவை காலைல ஆறு மணிக்குள்ள ஆஸ்பத்திரில வெறும் வயித்துல ரத்த டெஸ்ட் எடுக்க கூட்டிட்டுப் போகணும், அந்த நேரத்துக்கு எங்க தெருவிலேருந்து மெயின் ரோடு வரைக்கும் அம்மாவால நடக்க முடியாது, சிற்றுந்தும் இல்ல. வர்ற செவ்வாய்க்கிழமை போகணும், அஞ்சே காலுக்கு புக் பண்ணணும்.