டெர்மினல் ஷார்ட்கட்கள்: பல வருஷம் கழித்துக் கையில் தங்கியவை

கமாண்ட் லைன் ஷார்ட்கட் என்று தேடினால் நீளமான பட்டியல்தான் கிடைக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்துவிட்டு, பேக்ஸ்பேஸை அமுக்கிப் பிடித்தபடியே வேலை செய்பவர்களை எல்லா ஆபீஸிலும் பார்க்கலாம். பல வருஷமாக லினக்ஸ் சர்வர்களோடு மாரடித்த பிறகு என் கையில் நின்றவை ஏழெட்டுதான். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கீகளில் பெரும்பாலானவை பாஷின் (நாம் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் ஷெல் புரோகிராம்) சொந்தச் சரக்கு அல்ல, அடிக்கும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் என்ற க்னூ லைப்ரரியின் வேலை. பாஷை எழுதிய பிரையன் ஃபாக்ஸ்தான் இதையும் எழுதினார், இப்போது இரண்டையும் பார்த்துக்கொள்பவர் செட் ரேமி. கீகளின் பூர்வீகம் ஈமாக்ஸ் எடிட்டர். இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், புரோகிராமில் பிழை தேட உதவும் ஜிடிபி மாதிரி ரீட்லைனை வைத்துக் கட்டிய வேறு புரோகிராம்களுக்குள் போனாலும் அதே கீகள் அப்படியே வேலை செய்யும், புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்றுதான் கற்றுக்கொள்வேன் என்பவருக்கு என் பதில், பழைய கமாண்டுகளில் தேடும் கன்ட்ரோல்-ஆர். போன மாதம் அடித்த நீளமான டேட்டாபேஸ் பேக்கப் கமாண்டில் 'டம்ப்' என்ற துண்டு மட்டும் ஞாபகம் இருந்தால் போதும், கன்ட்ரோல்-ஆர் தட்டி அதை அடித்தால் கமாண்ட் வந்து நிற்கும். அது இல்லையென்றால் மறுபடி கன்ட்ரோல்-ஆர், அதற்கு முந்தையது வரும். கிடைத்ததும் உடனே என்டர் தட்டிவிடாதீர்கள். வலது அம்புக்குறியைத் தட்டினால் கமாண்ட் ஓடாமல் வரியில் வந்து உட்காரும், எந்த சர்வர், எந்த ஃபோல்டர் என்று ஒரு கண் பார்த்துவிட்டு ஓட்டலாம். அழிக்கிற கமாண்டாக இருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள். வேண்டாமென்றால் கன்ட்ரோல்-ஜி. அப்புறம், ஹிஸ்டரி, அதாவது பழைய கமாண்டுகளின் பட்டியல், சின்னதாக இருந்தால் இந்தத் தேடலே வீண். பாஷ் தானாக வைத்துக்கொள்வது 500 வரிதான், அதைப் பல ஆயிரமாக்கிவிட்டுத் தேட ஆரம்பியுங்கள்.

தேடும்போது வேண்டியதைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பி வர கன்ட்ரோல்-எஸ் என்று ஆவணத்தில் இருக்கும். அழுத்திப் பாருங்கள், பெரும்பாலான டெர்மினல்களில் திரை அப்படியே உறைந்துவிடும். பயந்து விண்டோவை மூட வேண்டாம், கன்ட்ரோல்-க்யூ அடித்தால் உயிர் வந்துவிடும். டெலிடைப் காலத்தில் எதிர்முனையை 'கொஞ்சம் நிறுத்து', 'சரி, அனுப்பு' என்று சொல்ல வைத்திருந்த இரண்டு கீகள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. டெர்மினல் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கமாண்டில் இதை அணைக்கலாம், நான் எல்லா இடத்திலும் அணைத்துத்தான் வைக்கிறேன்.

அடுத்தது ஆல்ட்-புள்ளி. போன கமாண்டின் கடைசிச் சொல்லை அப்படியே கொண்டுவந்து வைக்கும். நீளமான பாதை கொடுத்து ஒரு ஃபோல்டர் உருவாக்குகிறோம், அடுத்து அதற்குள் போக வேண்டும்: சிடி, ஒரு ஸ்பேஸ், ஆல்ட்-புள்ளி, முடிந்தது. திரும்பத் திரும்பத் தட்டினால் முந்தைய கமாண்டுகளின் கடைசிச் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். இவ்வளவு உபயோகமான கீயை இத்தனை பேர் தெரியாமல் இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அழிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கன்ட்ரோல்-டபிள்யூ ஸ்பேஸ் வரும் வரை அழிக்கும், அதாவது நீளமான ஃபைல் பாதை என்றால் முழுசும் போய்விடும். ஆல்ட்-பேக்ஸ்பேஸ் சாய்கோட்டில் நின்றுவிடும், பாதையின் கடைசித் துண்டு மட்டும் போகும். இரண்டையும் பிரித்துப் பழகிக்கொண்டால் ஃபோல்டர் ஃபோல்டராகப் பின்வாங்கலாம். கர்சர் வரியின் கடைசியில் இருக்கும்போது கன்ட்ரோல்-யூ அடித்தால் மொத்த வரியும் போகும், ஆனால் காணாமல் போகாது. ஒரு பெரிய கமாண்டைப் பாதி அடித்த பிறகு 'அந்த ஃபைல் பெயர் என்ன?' என்று சந்தேகம் வருகிறதா, கன்ட்ரோல்-யூ அடித்து எடுத்து வைத்துவிட்டு, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டுப் பார்த்துவிட்டு, கன்ட்ரோல்-ஒய் அடித்தால் விட்ட இடத்துக்கே வந்துவிடலாம். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் தப்பாக அடித்துவிட்டதாகத் தோன்றினாலும் இதே கன்ட்ரோல்-யூ சுத்தமாகத் துடைத்துவிடும், குத்துமதிப்பாகப் பேக்ஸ்பேஸ் தட்ட வேண்டாம். ஆனால் பாஷ் மாதிரியே இன்னொரு ஷெல்லான இசட்ஷெல்லில் கர்சர் எங்கே இருந்தாலும் கன்ட்ரோல்-யூ முழு வரியையும் எடுத்துவிடும், பாஷில் கர்சருக்கு இடதுபுறம் இருப்பதை மட்டும்தான். மேக்கில் இப்போது இசட்ஷெல்தான் வருகிறது என்பதால் இரண்டுக்கும் நடுவில் மாறி மாறி வேலை செய்பவர்கள் கவனிக்கவும்.

கமாண்ட் மூன்று வரி நாலு வரி என்று நீண்டுவிட்டால் அம்புக்குறியோடு மல்லுக்கட்டாமல் கன்ட்ரோல்-எக்ஸ், தொடர்ந்து கன்ட்ரோல்-இ. முழுக் கமாண்டும் உங்கள் எடிட்டரில் திறக்கும். திருத்திச் சேவ் செய்து வெளியே வந்த மறுகணம் ஓடிவிடும், கேட்காது. மனசு மாறினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் ஃபைலாகச் சேவ் செய்துகொண்டு வெளியேறுங்கள்.

தொல்லைகளும் உண்டு. பிரவுசருக்குள் திறக்கும் டெர்மினலில் கன்ட்ரோல்-டபிள்யூ அடித்தால் டேபே மூடிக்கொள்ளும், கிளவுட் கன்சோலில் வேலை செய்பவர்களுக்கு இது தினசரி எரிச்சல். வரியின் தொடக்கத்துக்குப் போகும் கீ கன்ட்ரோல்-ஏ, ஒரே டெர்மினலில் பல ஷெல்களை வைத்துக்கொள்ள உதவும் ஸ்க்ரீன் புரோகிராமில் அதன் கமாண்டுகளுக்கு முன்னால் தட்டும் தலைக் கீயும் அதுவேதான், அதனால் ஸ்க்ரீனுக்குள் இருக்கும்போது கூடவே வெறும் ஏ ஒன்றையும் தட்ட வேண்டும். மேக் டெர்மினலில் ஆப்ஷன் கீயை மெட்டாவாக, அதாவது ஆல்ட் கீயாக, பயன்படுத்தச் சொல்லி செட்டிங்ஸில் டிக் போடாதவரை ஆல்ட் கீகள் விசித்திர எழுத்துகளைத்தான் அச்சடிக்கும்.

வேகம் கூடியதா என்றால், கூடியது, ஆனால் பெருமை பேசும் அளவுக்கு இல்லை. ஒரு கமாண்டுக்கு ஓரிரு நொடி மிச்சமானால் அதிகம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: கமாண்டை யோசித்துக்கொண்டிருக்கும்போது கர்சரைப் பற்றி யோசிக்க வேண்டியிருப்பதில்லை. ஈமாக்ஸ் கீகளுக்குப் பதில் விஐ எடிட்டரின் கீகளைத் தரும் விஐ மோடையும் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, அதே வகை எடிட்டரான விம்மிலேயே குடியிருப்பவர்களுக்குப் பிடிக்கலாம். ரீட்லைனின் அமைப்பு ஃபைலான இன்புட்ஆர்சியில் சொந்தமாகக் கீ அமைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, என் வேலையில் பாதி அடுத்தவர் சர்வரில் என்பதால் அதை நான் தொடுவதில்லை, எங்கே போனாலும் இருக்கும் கீகளே எனக்குப் போதும்.